முதியோரின் வாசிப்பு வேகத்தை அளப்பது எப்படி: வேலூர் வட்டாரத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கண் பரிசோதனையில் சுவரில் மாட்டிய எழுத்துப் பலகையின் கடைசி வரியைக் கூடத் தடுமாறாமல் சொல்லிவிடும் பெரியவர்கள் பலர், வீட்டில் நாளிதழைப் பிரித்தால் தலைப்புகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஓர் எழுத்தை இன்ன எழுத்தென்று அடையாளம் காண்பது ஒரு வேலை. வரிவரியாகத் தொடர்ந்து, பொருள் விளங்க, களைப்பில்லாமல் வாசிப்பது வேறொரு வேலை. முதல் வேலைக்கு மருத்துவமனையில் எழுத்துப் பலகை இருக்கிறது. இரண்டாவதை அறிய வாசிப்பு வேகத்தைத்தான் அளக்க வேண்டும். ஒரு கடிகாரமும், ஒழுங்காகத் தயாரித்த சில தாள்களும், பொறுமையும் இருந்தால் எவரும் அளக்கலாம். கண்ணொளியியல் (ஆப்டோமெட்ரி) படிக்கும் மாணவர்கள், முதியோர் இல்லங்களுக்குச் செல்லும் தன்னார்வலர்கள், ஊர்ப்புற நூலகர்கள், வீட்டில் பெரியவர்களைப் பார்த்துக்கொள்பவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது.

இந்த அளவீட்டால் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறோம் என்பதில் முதலில் தெளிவு வேண்டும். ஒருவர் மற்றவரைவிட வேகமா, மெதுவா என்று தரம் பிரிப்பது இதன் பயன் அன்று. இந்தப் பெரியவருக்கு, இந்த வெளிச்சத்தில், இந்தக் கண்ணாடியோடு, எந்த அளவு எழுத்து வரை வாசிப்பு ஓட்டமாக நடக்கிறது, எந்த அளவில் அது உடைகிறது என்பதைக் கண்டுபிடிப்பதே பயன். ஆகையால் சூழ்நிலைக் குறிப்பு இல்லாத வேக எண்ணை நான் மதிப்பதில்லை. ‘நிமிடத்துக்கு இருநூற்றெண்பது’ என்று மட்டும் எழுதி, எழுத்தின் அளவையும் தாளின் தூரத்தையும் எழுதாமல் விட்டால், ஆறு மாதம் கழித்து அந்தத் தாளை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

சொல்லை எண்ணாமல் எழுத்தை எண்ணுங்கள்

உலகில் புழங்கும் வாசிப்பு அட்டைகளில் இரண்டைப் பற்றி அறிந்திருப்பது நல்லது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான எம்என்ரீட் அட்டை, ஒரே நீளமுள்ள குறுவாக்கியங்களைப் பெரிய எழுத்திலிருந்து சிறிய எழுத்துக்குப் படிப்படியாக இறக்கிக்கொண்டே போகும். ஐரெஸ்ட் எனப்படும் தொகுப்பு, நீண்ட பத்திகளைக் கொண்டது. 2012-இல் 17 மொழிகளுக்கான அளவுகளோடு வெளியான அந்தத் தொகுப்பில் தமிழ் இல்லை. அதில் இளவயது ஆங்கில வாசகர்களின் சராசரி நிமிடத்துக்கு 228 சொற்கள். இந்த எண்ணை எடுத்துக்கொண்டு குடியாத்தத்துப் பெரியவர் ஒருவரின் தமிழ் வாசிப்போடு ஒப்பிடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு. தமிழில் வேற்றுமை உருபும், காலமும், இடமும், துணைவினையும் ஒரே சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் நம் சொற்கள் நீளமானவை. ஒரே எண்ணிக்கைச் சொற்களை வாசிக்க நமக்குக் கூடுதல் நேரம் ஆகும். அதுமட்டுமன்று, ‘வந்துகொண்டிருந்தார்’ என்பதை ஒருவர் சேர்த்து எழுதுவார், இன்னொருவர் பிரித்து எழுதுவார். ஒரே வாக்கியம் ஒருவர் கையில் ஐந்து சொல்லாகவும் மற்றவர் கையில் ஆறு சொல்லாகவும் ஆகிவிடும். ஆகவே தமிழில் நிமிடத்துக்கு இத்தனை எழுத்து என்று அளப்பதே நிலையான வழி.

எழுத்தை எண்ணுவதில் ஒரு விதியை இப்போதே வகுத்துக்கொள்ளுங்கள். உயிரெழுத்து ஒன்று, புள்ளி வைத்த மெய் ஒன்று, உயிர்மெய் ஒன்று என்று, இலக்கணத்தில் படித்தபடியே எண்ண வேண்டும். ‘காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கிப் பேருந்தில் ஏறினோம்’ என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். காட்பாடி நான்கு, ரயில் மூன்று, நிலையத்தில் ஆறு, இறங்கிப் ஐந்து, பேருந்தில் ஐந்து, ஏறினோம் நான்கு; ஆக 27 எழுத்து. இதே வாக்கியத்தைக் கணினியில் தட்டச்சு செய்து, எழுத்து எண்ணிக்கையைக் காட்டச் சொன்னால், இடைவெளி நீங்கலாக 49 என்று காட்டும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் ‘கா’ என்பது ககரமும் துணைக்காலுமாக இரண்டு குறியீடு. ‘ட்’ என்பது டகரமும் புள்ளியுமாக இரண்டு. கணினி அவற்றைத் தனித்தனியே எண்ணிவிடுகிறது. எனவே பென்சிலை எடுத்துக் கையாலேயே எண்ணி, ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். ஒரு தடவை செய்தால் போதும் என்பதால் இதற்குச் சலித்துக்கொள்ள வேண்டியதில்லை.

தாள் தயாரித்தல்

உங்களுக்கு இரண்டு வகைத் தாள்கள் தேவை. முதல் வகை, எழுத்தின் அளவைக் கண்டுபிடிப்பதற்கான சிறு பத்திகள். ஒவ்வொன்றும் சரியாக 60 எழுத்து, இரண்டு எளிய வாக்கியங்கள், மூன்று வரிகள். இரண்டாவது வகை, நிதானமான வேகத்தை அளப்பதற்கான நீண்ட பத்திகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 420 எழுத்து. மேலே காட்டியது போன்ற 27 எழுத்து வாக்கியத்தைத் தனியாக வைத்து அளக்கலாமே என்று தோன்றலாம். அதை ஒரு பெரியவர் ஐந்தரை வினாடியில் முடித்துவிடுவார். ஸ்டாப்வாட்சை அழுத்துவதில் நம் விரல் அரை வினாடி பிந்தினாலே ஒன்பது சதவீதப் பிழை வந்துவிடும். 60 எழுத்தென்றால் அதே பிழை நான்கு சதவீதமாகக் குறையும். 420 எழுத்துக்கு அதைப் பொருட்படுத்தவே வேண்டாம்.

சிறு பத்திகளை 32, 25, 20, 16, 12.5, 10, 8 பாயிண்ட் என்று ஏழு அளவுகளில் அச்சிடுங்கள். ஒவ்வொரு படியிலும் எழுத்து ஏறத்தாழ 1.26 மடங்கு சிறிதாகிறது. மூன்று படி இறங்கினால் பாதியாகிறது. கண் மருத்துவத்தில் பார்வைக்கூர்மையை அளக்கும் அட்டைகள் பலவும் இந்த விகிதத்தையே பின்பற்றுகின்றன. ஆனால் பாயிண்ட் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் 12 பாயிண்ட் என்று போட்டாலும், எழுத்து இன்னொன்றின் 10 பாயிண்ட் அளவுதான் இருக்கும். ஆகையால் அச்சான தாளில் ‘ப’ என்ற எழுத்தின் உயரத்தை மில்லிமீட்டர் அளவுகோலால் அளந்து, அதையும் தாளின் மூலையில் எழுதிவிடுங்கள். எழுத்துருவை ஒருமுறை தேர்ந்தால் பிறகு மாற்றக் கூடாது. கோடுகள் ஒரே தடிமனில் இருக்கும் எளிய எழுத்துரு, மங்கலில்லாத கருப்பு மை, மினுமினுக்காத வெள்ளைத் தாள், நீண்ட பத்திகளுக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேற்படாத வரி அகலம் ஆகியவை போதும். வரி மிக அகன்றால், முதியவர்கள் வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்புகையில் இடம் தவறிவிடுவார்கள். அப்போது நாம் அளப்பது எழுத்தின் அளவுக்கான வேகமாக இராது.

பத்தியின் உள்ளடக்கத்தில்தான் அதிகக் கவனம் தேவை. மூன்றாம், நான்காம் வகுப்புக் குழந்தைக்குப் புரியக்கூடிய அன்றாடச் செய்திகளாக இருக்கட்டும்: சந்தைக்குப் போனது, கிணற்றில் நீர் ஊறியது, பாலாற்று மணலில் பிள்ளைகள் விளையாடியது என்பவை போல. திருக்குறள், பழமொழி, தேவாரம், விவிலியத்தின் சங்கீதம் போன்ற எவற்றையும் சேர்க்கக் கூடாது. முதல் இரண்டு சொற்களைக் கண்டதும் மீதியை மனப்பாடமாக ஒப்பித்துவிடுவார்கள். தாளைப் பார்க்கவே மாட்டார்கள். எண்களை இலக்கத்தில் எழுதுவதும் வேண்டாம். ‘1978’ என்ற நான்கு இலக்கத்தை வாய்விட்டு வாசித்தால் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டு’ என்று நீளும். எழுத்துக் கணக்கு குலைந்துவிடும். ஊர்ப்பெயர் வைத்தால் அவர்களுக்குத் தெரிந்த ஊராக வையுங்கள். வேலூர்க்காரருக்கு அணைக்கட்டும் ஒடுகத்தூரும் ஒரே பார்வையில் வந்துவிடும். முன்பின் கேள்விப்படாத வெளிநாட்டுப் பெயர் நின்று கூட்டிப் படிக்க வைக்கும்.

எழுதி முடித்த பத்திகளை நேராகப் பெரியவர்களிடம் கொண்டுபோகாதீர்கள். சரளமாக வாசிக்கும் இளைஞர்கள் நான்கைந்து பேரை, எல்லாப் பத்திகளையும் ஒரே பெரிய எழுத்தில் வாசிக்கச் செய்து நேரம் எடுங்கள். எல்லோருக்கும் கூடுதல் நேரம் பிடிக்கும் பத்தி எதுவோ, அதில் ஏதோ முரண்டுச் சொல் இருக்கிறது என்று பொருள். அதை நீக்கிவிட்டு வேறு எழுதுங்கள். ஒவ்வோர் அளவுக்கும் குறைந்தது இரண்டு வெவ்வேறு பத்திகளாவது இருப்பில் வேண்டும். ஒருமுறை வாசித்த பத்தியை மறுமுறை வாசிக்கும்போது வேகம் தானாகவே கூடிவிடும் என்பதால், முன்னதும் பின்னதும் ஒப்பிட நினைப்பவர் ஒரே பத்தியைத் திரும்பக் கொடுக்கக் கூடாது.

உட்கார வைப்பதற்கு முன் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, எந்த மொழியில் வாசிக்கக் கற்றார்கள் என்பது. பழைய வட ஆற்காட்டில் இது சம்பிரதாயக் கேள்வி அன்று. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கத்துப் பெரியவர்கள் பலருக்கு முதலில் கைவந்தது உருது எழுத்தாக இருக்கலாம். எல்லையோர ஊர்களில் தெலுங்காக இருக்கலாம். பேச்சில் தமிழ் தடையின்றி வருவதைக் கேட்டு, வாசிப்பும் அப்படியே வரும் என்று எண்ணிவிட வேண்டாம். அவர்களுக்கு எந்த எழுத்து முதலில் பழகியதோ அந்த எழுத்தில் தாள் தயாரிக்க முடியாவிட்டால், அளவீட்டைத் தமிழில் செய்து, அதைக் குறிப்பில் வெளிப்படையாக எழுதுங்கள்.

இரண்டாவது கேள்வி, எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனார்கள், இப்போதும் வாசிக்கும் பழக்கம் உண்டா என்பது. 1990-களின் அறிவொளி இயக்கத்தில், நடுவயதில் எழுத்துக் கூட்டக் கற்ற பெண்கள் இன்று முதியவர்கள். அவர்கள் மெதுவாக வாசிப்பதற்குக் கண் காரணமாக இருக்க வேண்டியதில்லை. கண்ணா, பழக்கமா என்று பிரித்தறிய எளிய வழி உண்டு: 32 பாயிண்ட் எழுத்திலும் அதே மெதுவான வேகம்தான் என்றால், பெரும்பாலும் அது பழக்கக் குறைவு; எழுத்துப் பெரிதாகும்போது வேகம் கூடிக்கொண்டே போனால், பார்வையைச் சந்தேகிக்க வேண்டும்.

இதையொட்டி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் எழுத்துச் சீர்திருத்தம் அரசாணையாக வந்தது 1978-இல். ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய 13 எழுத்துகள் அப்போதுதான் இன்றைய வடிவம் பெற்றன. இன்று அறுபதைக் கடந்தவர்கள் எல்லோரும் கொம்பும் சுழியுமான பழைய வடிவங்களில்தான் அரிச்சுவடி கற்றார்கள். தொடர்ந்து நாளிதழ் வாசித்து வந்தவர்களுக்குப் புது வடிவம் எப்போதோ பழகிவிட்டது. பள்ளியோடு வாசிப்பை விட்டவர்கள் ‘னை’, ‘லை’ வருமிடங்களில் ஒரு கணம் நிற்பதைக் காணலாம். அப்படிப்பட்ட தயக்கத்தைப் பார்வைக் கோளாறாகக் கருதிவிடாமல் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கண்ணின் நிலை. புரை இருக்கிறதா, அறுவை செய்தார்களா, செய்து எத்தனை நாள் ஆயிற்று, சர்க்கரை நோய் உண்டா, பக்கவாதம் வந்ததுண்டா என்று கேளுங்கள். புரை அறுவையில் வழக்கமாக வைக்கப்படும் ஒற்றைக் குவிய லென்ஸ் தூரப் பார்வைக்கு ஏற்றவாறு தேர்ந்தெடுக்கப்படுவதால், வாசிக்கத் தனிக் கண்ணாடி வேண்டியிருக்கும். கண் ஆறி, மருத்துவர் அந்தக் கண்ணாடியை எழுதித் தரும்வரை அளவீட்டைத் தள்ளிப்போடுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்ட அன்று அளக்கவே கூடாது.

நான்காவது, கண்ணாடி. வீட்டில் வாசிக்க எந்தக் கண்ணாடியைப் போடுகிறார்களோ அதையே போட்டு அளங்கள், அது சாலையோரத்தில் பொறுக்கி வாங்கியதாக இருந்தாலும் சரி. அளவீட்டுக்கு முன் கண்ணாடியைத் துடைத்துக் கொடுங்கள். விரல் ரேகையும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்த கண்ணாடியோடு அளந்துவிட்டு, புரை முற்றிவிட்டதோ என்று கவலைப்பட்டவர்கள் உண்டு.

இடமும் வெளிச்சமும்

வயதாக ஆகக் கண்மணி சுருங்குகிறது, கண்ணின் லென்ஸ் மஞ்சளித்து மங்குகிறது. அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் சென்று சேர்கிறது என்பது பொதுவான கணக்கு. நமக்குப் போதுமான வெளிச்சம் அவர்களுக்கு அந்திப்பொழுது. ஆகையால் வீட்டுக் கூடத்தின் குழல்விளக்கை மட்டும் நம்பாமல், தாளின் மேல் நேராக விழும்படி ஒரு மேசை விளக்கையும் வையுங்கள். ஏறத்தாழ 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் நன்று. கைப்பேசியில் லக்ஸ் காட்டும் செயலிகள் உள்ளன; அவை துல்லியமானவை அல்ல என்றாலும், ஒரே கைப்பேசியை எப்போதும் பயன்படுத்தினால், போன முறைக்கும் இந்த முறைக்கும் வெளிச்சம் ஒத்திருக்கிறதா என்று பார்க்கப் போதும். சன்னலுக்கு எதிர்முகமாக உட்கார வைக்காதீர்கள். புரை உள்ள கண்ணுக்கு அந்தக் கூச்சம் ஒன்றே வேகத்தைக் குறைக்கப் போதுமானது. வேலூர் வெயிலைப் பற்றி இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: சித்திரை, வைகாசி மாதங்களில் காலை பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள்.

தூரம் 40 சென்டிமீட்டர். பரீட்சை அட்டை ஒன்றின் மேல்முனையில் துளையிட்டு, 40 சென்டிமீட்டர் நீளத்தில் முடிச்சுப் போட்ட ஒரு நூலைக் கட்டிவிடுங்கள். தாளை அட்டையில் செருகி, நூலின் முடிச்சைப் பெரியவரின் கண் ஓரத்தருகே பிடித்துத் தூரத்தைச் சரிபார்த்துவிட்டு, நூலைத் தொங்கவிடலாம். எழுத்து சிறிதாகச் சிறிதாக அவர்கள் தாளை முகத்தருகே இழுப்பார்கள் அல்லது கையை நீட்டித் தள்ளிப் பிடிப்பார்கள், இது இயல்பு. ஆனால் 40-இலிருந்து 20 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டால் எழுத்து கண்ணுக்கு இரு மடங்காகத் தெரியும், நம் அளவுப் படிகளில் மூன்று படி குழம்பிவிடும். தாள்தாங்கியில் வைத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை.

அளவீடு

பரீட்சை என்ற சொல்லே வாயிலிருந்து வரக் கூடாது. படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கு அது இன்றும் முள்ளாகக் குத்தும். ‘ஆயா, இது உங்க படிப்பைப் பார்க்கறதுக்கு இல்லைங்க, எந்த எழுத்து உங்க கண்ணுக்குத் தோதா இருக்குதுன்னு பார்க்கறோம், அவ்வளவுதான்’ என்பது போலச் சொல்லித் தொடங்கலாம். குரலைப் பதிவு செய்யப் போவதாகச் சொல்லி, அவர்களின் சம்மதத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். பதிவு இருந்தால் பிறகு நிதானமாகக் கேட்டு, முதல் ஒலி தொடங்கியதிலிருந்து கடைசி ஒலி முடிவது வரை நேரத்தைச் சரியாக எடுக்க முடியும். பிழைகளையும் பதற்றமின்றி எண்ணலாம்.

கணக்கில் சேராத ஒரு பத்தியை முதலில் கொடுத்து, பழக்கப்படுத்துங்கள். பிறகு 32 பாயிண்டில் தொடங்குங்கள். அடுத்த பத்தி கண்ணில் படாதபடி ஒரு வெள்ளை அட்டையால் மூடி வைத்து, ‘படிங்க’ என்று சொல்லும்போது விலக்குங்கள். வாய்விட்டு, வழக்கமான வேகத்தில், முடிந்தவரை தவறில்லாமல் வாசிக்கச் சொல்லுங்கள். ‘சீக்கிரம்’ என்று சொல்லாதீர்கள். அவசரத்தில் விழுங்கி விழுங்கி வாசிப்பார்கள். இடையில் திருத்தாதீர்கள், தலையாட்டாதீர்கள், சொல்லையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் நிற்கும் பேரப்பிள்ளைகள் முந்திக்கொண்டு சொல்லிக் கொடுப்பது இங்கே மிக வழக்கம். அன்போடு அவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். ஒரு பத்தியில் பெரும்பாலான சொற்கள் தெரியவில்லை என்று நின்றுவிடும் அளவில் நிறுத்திக்கொள்ளலாம்.

வாசிக்கும் விதத்தையும் கவனியுங்கள். விரலை வரியின் அடியில் வைத்து ஓட்டுகிறார்களா, தலையைச் சாய்க்கிறார்களா, ஒரு கண்ணை மூடுகிறார்களா என்பதெல்லாம் குறிப்பில் இடம்பெற வேண்டும். விரல் வைப்பதைத் தடுக்க வேண்டாம். ஆனால் ஒருமுறை வைத்தும் மறுமுறை வைக்காமலும் அளந்தவற்றை ஒப்பிடக் கூடாது. பல்செட்டு சரியாகப் பொருந்தாதவர்களுக்கும், மூச்சுத் திணறல் உள்ளவர்களுக்கும் நாக்கும் மூச்சும்தான் வேகத்தின் எல்லை; அவர்களுக்குக் கீழே சொல்லும் மௌன வாசிப்பு பொருந்தும்.

எது பிழை, எது பிழையன்று

சொல்லை விட்டுவிடுவது, வேறு சொல்லாக வாசிப்பது, ஒரு வரியையே தாண்டிவிடுவது ஆகியவை பிழை. தவறாகச் சொல்லிவிட்டு உடனே தாமே திருத்திக்கொண்டால் பிழையாக எண்ண வேண்டாம். அதற்கான நேரம் ஏற்கெனவே கணக்கில் சேர்ந்துவிட்டது. வட்டார உச்சரிப்பு பிழையே ஆகாது. ழகரத்தை யகரமாகவோ ளகரமாகவோ ஒலிப்பவர் கண்ணால் ழகரத்தைத்தான் பார்க்கிறார். ‘இருக்கிறது’ என்று அச்சில் இருப்பதை ‘கீது’ என்று வாசித்துக்கொண்டு போகும் பெரியவர், உண்மையில் பொருளை உள்வாங்கித் தம் பேச்சில் திருப்பித் தருகிறார். கூட்டிக் கூட்டி வாசிப்பவர்களால் இதைச் செய்யவே முடியாது. எழுத்துக் கணக்குக்கு மட்டும் அச்சில் உள்ளதையே எடுத்துக்கொண்டு, ‘பேச்சு வழக்கில் வாசித்தார்’ என்று ஓரத்தில் குறியுங்கள்.

கணக்கு எளியது. பிழையான சொற்களின் எழுத்துகளைப் பத்தியின் மொத்த எழுத்திலிருந்து கழித்து, 60-ஆல் பெருக்கி, எடுத்துக்கொண்ட வினாடிகளால் வகுக்க வேண்டும். 420 எழுத்துப் பத்தியை ஒருவர் 84 வினாடியில் வாசித்து, மூன்று சொற்களைத் தவறாகச் சொன்னார், அவற்றில் மொத்தம் 21 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். 399-ஐ 60-ஆல் பெருக்கி 84-ஆல் வகுத்தால், நிமிடத்துக்கு 285 எழுத்து.

வேகம் உடையும் இடம்

இனி, இந்த வேலையின் கருவான பகுதிக்கு வருவோம். ஏழு அளவுகளிலும் கிடைத்த வேகங்களைக் கட்டம் போட்ட தாளில், எழுத்தின் அளவைக் கிடையாகவும் வேகத்தைச் செங்குத்தாகவும் வைத்துக் குறியுங்கள். விளக்கத்துக்காக ஒரு கற்பனைப் பெரியவரின் அளவுகளைத் தருகிறேன். ஒவ்வொரு பத்தியும் 60 எழுத்து, பிழை இல்லை. 32 பாயிண்டில் 12.5 வினாடி, அதாவது வேகம் 288, 25-இல் 12.2 வினாடி, 295; 20-இல் 12.4 வினாடி, 290, 16-இல் 12.8 வினாடி, 281, 12.5-இல் 17 வினாடி, 212. 10-இல் 29 வினாடி, 124. 8-இல் வாசிக்க முடியவில்லை. புள்ளிகளை இணைத்தால், 32 முதல் 16 வரை கோடு ஏறத்தாழ மட்டமாகச் செல்வதையும், அதற்குக் கீழே திடீரென்று சரிவதையும் காணலாம். மட்டமான பகுதி அவருடைய உச்ச வேகம். சரிவு தொடங்குவதற்கு முந்தைய அளவு, அதாவது 16 பாயிண்ட், அவருக்குத் தேவையான மிகச் சிறிய ஓட்ட எழுத்து. 10 பாயிண்ட் அவரால் எப்படியோ வாசிக்க முடிகிற எல்லை.

எல்லைக்கும் ஓட்டத்துக்கும் நடுவே உள்ள இந்த இடைவெளியைத்தான் வீட்டார் பலர் புரிந்துகொள்வதில்லை. மாத்திரை அட்டையில் உள்ள பெயரை அப்பா வாசித்துவிட்டார், ஆகவே புத்தகமும் வாசிப்பார், மனமில்லாமல்தான் வாசிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஓட்டமாக வாசிக்க, எல்லை அளவைப் போல இரு மடங்காவது எழுத்து வேண்டியிருப்பது பலருக்கும் இயல்பு. மேற்சொன்ன பெரியவருக்கு 16 பாயிண்ட் என்பது குறைந்தபட்சம். நெடுநேரம் வாசிக்க 20 பாயிண்டில் அச்சிட்டுக் கொடுப்பதே சரி. அவர் வாங்கும் நாளிதழில் ‘ப’ எத்தனை மில்லிமீட்டர் இருக்கிறது என்று அளந்து, உங்கள் தாள்களோடு ஒப்பிட்டால், அவர் ஏன் அதை மடித்து வைக்கிறார் என்பது விளங்கிவிடும்.

‘பெரிதாக வேண்டுமென்றால் கிட்டே வைத்துப் படிக்கட்டுமே’ என்று கேட்பவர்களுக்கும் விடை உண்டு. அறுபதுக்கு மேல் கண்ணின் லென்ஸ் தானாகக் குவியும் திறனை ஏறக்குறைய முழுதும் இழந்துவிடுகிறது. 40 சென்டிமீட்டரில் தெளிவாகத் தெரிய 2.5 டயாப்டர் குவிக்கும் திறனும், 20 சென்டிமீட்டரில் தெரிய 5 டயாப்டரும் வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவர் நீங்கலாக, மற்றவர்களுக்கு அந்தத் திறனைக் கண்ணாடிதான் தர வேண்டும். சாதாரண வாசிப்புக் கண்ணாடியோடு தாளைக் கிட்டே கொண்டுவந்தால் எழுத்து பெரிதாகும், கூடவே மங்கலும் ஆகும்.

கோடு எல்லோருக்கும் இப்படியே வராது. விழித்திரையின் நடுப்புள்ளி கெட்டவர்களுக்குக் கோடு நெடுந்தூரம் ஏறிக்கொண்டே போகும். 32 பாயிண்டிலும் மட்டமாகாமல் இருக்கலாம். முற்றிய கண் நீர் அழுத்த நோயால் (கிளாக்கோமா) பார்வைப் பரப்பு குழாய் போலச் சுருங்கியவர்களுக்கோ, எழுத்து மிகப் பெரிதானால் ஒரே பார்வையில் சில எழுத்துகளே அடங்கும். அவர்களின் வேகம் பெரிய எழுத்தில் குறையும். பெரிய எழுத்து எல்லா முதியவருக்கும் நல்லது என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

மௌன வாசிப்பும் நெடுநேர வாசிப்பும்

அன்றாட வாசிப்பு பெரும்பாலும் மௌனமாகவே நடக்கிறது. ஓட்ட எழுத்தின் அளவில் அச்சிட்ட 420 எழுத்துப் பத்தி ஒன்றைக் கொடுத்து, தொடங்கும்போதும் முடிக்கும்போதும் கையை உயர்த்தச் சொல்லுங்கள். பிழையை எண்ண வழியில்லாததால், முடித்தபின் செய்தி சார்ந்த மூன்று எளிய கேள்விகள் கேளுங்கள். இரண்டுக்காவது சரியான விடை வராவிட்டால் அந்த வேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். சரளமான வாசகர்களுக்கு மௌன வேகம் வாய்விட்டு வாசிப்பதைவிடக் கூடுதலாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால், அவர் உதட்டுக்குள் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம்.

கண் நீர் அழுத்த நோய் உள்ளவர்கள் ஒரு நிமிட அளவீட்டில் நன்றாகவே வாசித்துவிட்டு, அரைமணி நேர வாசிப்பில் மெல்ல மெல்லத் தளர்வதை ஆய்வுகள் காட்டியுள்ளன. ‘கொஞ்ச நேரம் படித்தால் வரி ஒன்றோடொன்று கலக்கிறது’ என்று சொல்பவர்களுக்குச் சிறுகதை ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு பக்கம் திருப்பும் நேரத்தையும் குறித்தால், அந்தத் தளர்ச்சி எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்பது தெரியும்.

மறுமுறை அளத்தலும் மருத்துவரிடம் அனுப்புதலும்

முதல் அளவீட்டுக்கு ஒரு வாரத்துக்குள், வேறு பத்திகளைக் கொண்டு, அதே நேரத்தில், அதே இடத்தில் இன்னொரு முறை அளந்துவிடுங்கள். இடையில் ஒன்றும் மாறாத நிலையில் இரண்டு எண்களுக்கும் எவ்வளவு வேறுபாடு வருகிறதோ, அது அவருடைய இயல்பான ஏற்ற இறக்கம். பின்னாளில் புதுக் கண்ணாடிக்குப் பிறகோ புரை அறுவைக்குப் பிறகோ வரும் மாற்றம் அதைவிடத் தெளிவாகப் பெரிதாக இருந்தால்தான் முன்னேற்றம் என்று சொல்லலாம். ஐந்து எழுத்து கூடிவிட்டது என்று மகிழ்வதும், பத்து எழுத்து குறைந்துவிட்டது என்று அஞ்சுவதும் தேவையற்றவை.

சில அறிகுறிகளைக் கண்டால், வேகத்தைக் கணக்கிட்டுக்கொண்டிருக்காமல் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். வரிகள் நெளிந்தோ வளைந்தோ தெரிவதாகச் சொல்வது, சொல்லின் நடுவில் எழுத்து மறைவது, ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று மங்குவது, மின்னல் வெட்டுவது போல ஒளி தோன்றுவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. நீண்ட சொற்களின் பிற்பகுதியைத் தொடர்ந்து விட்டுவிடுபவர்களையும் வரியின் வலப்பக்கத்தில் தடுமாறுபவர்களையும் குறிப்பாகக் கவனியுங்கள். பக்கவாதத்தால் வலப்பக்கப் பார்வை போனவர்களுக்கு, இடமிருந்து வலமாகச் செல்லும் தமிழ் வாசிப்பு மிகவும் மெதுவாகிவிடும், ஏனென்றால் அடுத்து வரவிருக்கும் எழுத்துகள் முன்கூட்டிக் கண்ணில் படுவதில்லை. வலமிருந்து இடமாகச் செல்லும் உருது வாசகருக்கு இடப்பக்கப் பார்வை போனால் இதே நிலை. இந்தக் குறைபாட்டைத் தாங்களே உணராமல், கண்ணாடிக்கு மேல் கண்ணாடியாக மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

வேலூரில் ஆரணி சாலையிலுள்ள ஷெல் கண் மருத்துவமனையும், அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் சுற்றுவட்டாரத்தார் அறிந்த இடங்கள். அனுப்பும்போது வாய்மொழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். வரைந்த கோட்டின் நகல், எழுத்தின் அளவு மில்லிமீட்டரில், தாளின் தூரம், வெளிச்சம், அணிந்திருந்த கண்ணாடி, இரு கண்களாலும் வாசித்தாரா ஒரு கண்ணாலா, அளந்த தேதி ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, பெரியவரின் மருந்துச் சீட்டோடு சேர்த்துப் பின் செய்து கொடுங்கள். இன்னொரு நகல் உங்கள் கோப்பில் இருக்கட்டும். அவர் திரும்பி வந்ததும் அடுத்த அளவீட்டை அதே அட்டை, அதே நூல் நீளம், அதே நாற்காலியோடு தொடங்கலாம்.